தங்கவேலு பட்டாளத்தில் சேராத கதை

"தங்கவேலண்ணே, பட்டாளத்துல இருந்தத எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்ல?"

அட்டன் பஜாரில் போட்டோக் கொப்பியும் டைப்பிங்கும் செய்து கொடுக்கிற கோகுலராஜ், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே இப்படிக் கேட்டான். தங்கவேலு வாயில் இருந்த தேத்தண்ணீரில் பாதி உள்ளே போனது, பாதி சட்டையில் வழிந்தது.

"நானா? எந்தப் பட்டாளத்துல?"

"அத நீங்கதான் சொல்லணும். விசா ஆபீஸ்ல கேட்டிருக்காங்க. எந்தப் படை, என்ன பதவி, எப்ப வெலகுனீங்க, எல்லாத்துக்கும் பேப்பர் வேணுமாம். அது வர்ற வரைக்கும் விசா கெடையாதாம்."

தங்கவேலு வட்டவளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலை வெட்டியே பென்சன் வயதைத் தொட்டவர். பட்டாளமாவது ஒன்றாவது, லயத்து வீட்டுக்கு முன்னால் நாய்ச் சண்டை வந்தாலே கதவைச் சாத்திக்கொள்கிற மனுசன். அவர் இந்திய விசா கேட்டது ஒரே ஒரு காரணத்துக்குத்தான். திருச்சியில் அவருடைய அக்கா நாகலெட்சுமி இருக்கிறாள். இந்தியாவுக்குப் போகிறவர்கள் பட்டியலில் புருஷனோடு பேர் வந்து, அட்டன் ஸ்டேஷனில் அழுதுகொண்டே கோச்சி ஏறியவள். அன்றைக்குத் தங்கவேலுவுக்கு மீசை முளைக்கவில்லை. இப்போது அது நரைத்தே போய்விட்டது. நடுவில் ஒரு தடவைகூட இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. போனில் முகம் தெரிய ஆரம்பித்த பிறகு அவளுடைய அழுகையும் திட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தன. இப்போது பேத்தி சுலக்ஷனாவுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருக்கிறாள். கண்ணிலும் புரை விழுந்துவிட்டது.

"கண்ணு அவிஞ்சு போறதுக்குள்ள ஒம் மூஞ்சிய ஒரு தடவ பாத்துறணும்டா. நிச்சயத்துக்கு வரலன்னு வையி, அப்பறம் என் சாவுக்கும் வராத" என்று சொல்லிவிட்டாள். நாகலெட்சுமி சொன்னால் சொன்னதுதான்.

கோகுலராஜ் கணினியைத் திருப்பினான். "இதுதான் உங்க வாக்குமூலத்தோட இங்கிலீஷ். தமிழ்ல சொல்றேன், கேளுங்க. 'மேல் படைப்பிரிவின் முன்வரிசையில் வசித்து, விடியற்காலை அணிவகுப்பில் நின்று, தளபதியின் உத்தரவுப்படி மலைகளில் போர்ப்பயிற்சி செய்தும், வெடிமருந்து பிரயோகித்தும் என் வாழ்நாளைக் கழித்தேன்.'"

தங்கவேலு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது இதுதான். தோட்டம் கம்பனிக்குக் கம்பனி கைமாறியதில் பழைய பதிவுகளைக் கறையான் தின்றுவிட்டது. என்ன தொழில் செய்தார் என்று காட்டுவதற்கு ஒரு சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியதாயிற்று. அதை எழுதிக் கொடுத்தவர் சங்கத் தலைவர் இராமையா. தேயிலைச் செடியை வெட்டிக் கட்டையாக்குவதைத் தோட்டத்தில் குஞ்சு குளுவான்கூடக் 'கவ்வாத்து' என்றுதான் சொல்லும். இராமையாவோ, எழுத்தில் கொஞ்சம் மரியாதையாக இருக்கட்டுமே என்று ஒரு 'வ்' எழுத்தைத் தூக்கிவிட்டுக் 'கவாத்து' என்று எழுதினார். அதோடு, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டு, குடியிருக்கிற வரிசை வீடான லயம், தோட்டத்தின் மேல் டிவிஷன், தோட்ட மானேஜரான துரையின் உத்தரவு, புல்லுக்கு அடிக்கிற மருந்து எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இதை இங்கிலீஷில் போட்டவர் ஜெயரத்தினம் மாஸ்டர்.

"நேரா மாஸ்டர்ட்டயே போங்கண்ணே. ஒரு எழுத்துதானே, திருத்திக் குடுத்துருவாரு" என்றான் கோகுலராஜ்.

ஜெயரத்தினம் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். காலமெல்லாம் அங்கே தமிழும் இங்கிலீஷும் படிப்பித்துவிட்டு, அட்டனில் வேலை பார்க்கும் மகளோடு இருக்க வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தன் மொழிபெயர்ப்பில் பிழை என்று ஒருவர் வாசலில் வந்து நிற்பதை அவரால் நம்பவே முடியவில்லை.

"பிழையோ? என்ர கையாலையோ?" மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "கவாத்து எண்டால் படைப்பயிற்சி. அகராதியை எடுத்துக் காட்டட்டோ?"

"கவாத்து இல்லீங்க சேர். கவ்வாத்து."

"அப்பிடியொரு சொல்லே கிடையாது."

"அத வெட்டித்தாங்க சேர் நான் சோறு தின்னேன்."

"வெட்டினனீங்களோ? என்னத்தை?"

"தேயிலதாங்க."

"ஓ, கத்தரிக்கிறதைச் சொல்லுறியளோ?"

"கத்திரிக்கோல்ல முடியாதுங்க சேர். கத்தி. இம்மாம் பெருசு." தங்கவேலு கையை விரித்துக் காட்டினார். மாஸ்டர் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

தப்பு செய்தேன் என்று எழுதிக் கொடுக்க மாஸ்டருக்கு மனம் வரவில்லை. பாவம், அவரையும் சொல்லிக் குற்றமில்லை. ஒரு விளக்கக் குறிப்பு இணைத்தால் போதும் என்று அங்கேயே எழுதி, கையெழுத்தும் போட்டு, தமிழில் வாசித்தும் காட்டினார். "மேற்படி பயிற்சியானது நீண்ட கத்தியால் வெட்டுவதையே குறிக்கும். துப்பாக்கி ஒருபோதும் பாவிக்கப்படவில்லை."

"சத்தியமான வார்த்தைங்க சேர்" என்று தங்கவேலு கும்பிட்டுவிட்டு வந்தார்.

விசா ஆபீஸிலிருந்து வந்த பதில் முந்தியதைவிட நீளமாக இருந்தது. அதை வாசித்துவிட்டுக் கோகுலராஜ் முதல் தடவையாகக் கணினியிலிருந்து கண்ணை எடுத்தான்.

"என்னா தம்பி சொல்றாங்க?"

"இப்ப பொலிஸ் ரிப்போட்டும் சேத்துக் கேக்குறாங்க. யாரையெல்லாம் வெட்டுனீங்கன்னு தெரியணுமாம்."

"ஐயோ, முருகா!"

"பதறாதீங்கண்ணே. ஒரு வழி இருக்கு. பட்டாளத்துப் பதிவு ஆபீஸுக்கே போயி, உங்க சேவைப் பதிவக் குடுங்கன்னு விண்ணப்பம் போட்டுருவோம். அப்பிடி ஒரு ஆளே இல்லன்னு அவங்க எழுதிக் குடுத்துட்டா விசாக்காரன் வாயே தொறக்க மாட்டான்."

"இல்லாத ஒண்ண எப்பிடிப்பா போயிக் கேக்குறது?"

"கேட்டாத்தானே இல்லன்னு சொல்லுவாங்க."

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது.

தங்கவேலுவின் சிங்களம் மரக்கறிச் சந்தைக்குப் போதும். பஸ்ஸில் மிச்சக் காசு கேட்கவும் போதும். கொழும்புப் பக்கம் போய்ப் பட்டாளத்து ஆபீஸ் ஜன்னலில் நின்றபோது அது கால்வாசிகூட வெளியே வரவில்லை. உள்ளே இருந்த இளம் சிப்பாய் நல்ல பிள்ளை. சிரித்த முகத்தோடு பேனையை எடுத்தான்.

"சேவா அங்கய?"

நம்பர் கேட்கிறான் என்பது மட்டும் விளங்கியது. தங்கவேலுவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் தோட்டத்துச் சம்பளப் பதிவில் இருக்கிற செக்ரோல் நம்பர் ஒன்றுதான். அதைச் சொன்னார். அவன் எழுதிக்கொண்டான்.

"டிவிஷன்?"

அட, இது தெரிந்த கேள்வி. "உட டிவிஷன், மஹத்தயா. மேல் டிவிஷன்."

மேலே அதிகாரி யார் என்று கேட்டான். "பீல்ட் ஒபிசர்" என்றார் தங்கவேலு. தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிறவரை முன்னெல்லாம் கண்டாக்கு என்றுதான் சொல்வார்கள். கம்பனிக்காரர்கள் வந்துதான் அப்படிப் பேர் வைத்தார்கள். காயம் ஏதாவது பட்டதா என்று கேட்டபோது, தங்கவேலு காற்சட்டையைச் சுருட்டி, முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு இருந்த தழும்பைக் காட்டினார். ஒரு மழை நாளில் மலைச் சரிவில் கால் வழுக்கிக் கத்தி இறங்கிய தழும்பு. "வெஸ்ஸ, கந்த உட" என்று மட்டும் சிங்களத்தில் வந்தது. மழை, மலைக்கு மேலே.

அந்தப் பையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவன் உள்ளே போய் ஒரு சார்ஜனைக் கூட்டிக்கொண்டு வந்தான். சார்ஜன் தங்கவேலுவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கதிரையில் உட்கார வைத்தார். தேத்தண்ணீர் வந்தது, பிஸ்கட் வந்தது. குடியுரிமை இல்லாத வாலிப வயது முழுக்க, நீ எந்த நாட்டுக்காரன் என்று கேட்ட ஆபீஸ்களை எல்லாம் தங்கவேலு நின்றுகொண்டேதான் பார்த்திருக்கிறார். உட்காரச் சொன்னதற்கே அவர் இரண்டு தடவை கும்பிட்டார். கடைசியில் இங்கிலீஷில் ஒரு கடிதத்தை அடித்து, சீல் குத்திக் கையில் கொடுத்தார்கள். வட்டவளை வரைக்கும் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் கோகுலராஜ் அதை இரண்டு தடவை வாசித்தான்.

"அண்ணே, 'இவர் மலைப்பகுதியில் கடமையிலிருந்தபோது காயமடைந்தவர். இவரது கோப்பு காணாமற்போனதால் மீண்டும் தயாரிக்கப்படுகிறது. சகலரும் இவருக்கு உதவி செய்யவும்'னு போட்டிருக்கு."

"அப்பிடின்னா?"

"அப்பிடின்னா இதுவரைக்கும் மாஸ்டர் பேப்பர்லதான் பட்டாளத்துல இருந்தீங்க. இப்ப பட்டாளத்துலயே இருக்கீங்க."

இந்த மாதிரிச் செய்திக்குப் பஸ் தேவையில்லை. அவர் தோட்டத்துக்கு ஏறிப் போவதற்குள் அது முந்திக்கொண்டது. லயத்து முனையில் இராமையா தலைவரே விறைப்பாக நின்று, "வாங்க மேஜர்!" என்றார். மறுநாளிலிருந்து சின்னப் பிள்ளைகளெல்லாம் மேஜர் தாத்தா என்றன. மனைவி மனோரஞ்சிதத்துக்குப் பஸ்ஸில் முன் சீட் கிடைத்தது. அதில் உட்கார்ந்து வந்த சுகத்தில் அவள் குரலே மாறிவிட்டது.

"ஏங்க, இருந்துட்டுத்தான் போகட்டுமே. ஒங்களக் கட்டி இத்தன வருசத்துல எனக்கு ஒருத்தன் எந்திரிச்சு எடம் குடுத்திருக்கானா?"

"செஞ்ச வேலைக்கு மரியாத குடுக்கட்டும், வாங்கிக்கிறேன். செய்யாத வேலைக்கு எனக்கு எதுக்குடி?" என்று தங்கவேலு சத்தம் போட்டார். அவருக்கு உண்மையாகவே வலித்தது. தேயிலையில் வெட்டுப்பட்ட அந்தக் காலை அன்றைக்கு ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று அக்காளின் போன் வந்தது.

"மிலிட்டரிப் பேப்பரு கெடச்சிருச்சாமே! மனோரஞ்சிதம் சொன்னா. இங்கிலீசுல இருக்காடா?"

"இருக்கு."

"சீலு இருக்கா?"

"இருக்குக்கா, ஆனா அது தப்பான பேப்பரு. நான் போயி மாத்தப் போறேன்."

"கூறுகெட்டவனே, எதுக்குடா மாத்துற? மாப்பிளயோட அப்பா மிலிட்டரிக்காரரு. மிலிட்டரி செல்லசாமின்னா மணப்பாறையே எந்திரிச்சு நிக்கும். கண்டிப்பான மனுசன். பேசாம அந்தப் பேப்பரோட வந்து சேரு."

"அப்பிடிப்பட்ட மனுசங்கிட்ட பொய்ப் பேப்பரோட வரலாமாக்கா?"

அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது. பிறகு, "லைன் சரியில்லடா" என்று நாகலெட்சுமி வைத்துவிட்டாள். மலையில் மழை வந்தால் லைன் அப்படித்தான் என்று தங்கவேலு நினைத்துக்கொண்டார். அன்றைக்கு மழையே இல்லை.

வாயால் சொல்லி ஒருவருக்கும் விளங்கவில்லை, இனிக் கையால் செய்து காட்டிவிடுவதுதான் வழி என்று அவர் முடிவு கட்டினார். இந்த யோசனையை அவர் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு தேயிலைக் கிளையையும், நன்றாகத் தீட்டிய கவ்வாத்துக் கத்தியையும் உரச் சாக்கில் சுருட்டிக்கொண்டு, மறுபடியும் பட்டாளத்து ஆபீஸ் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்.

"சாக்கில் என்ன?" என்று காவலாளி சிங்களத்தில் கேட்டான்.

"பிஹிய" என்றார் தங்கவேலு. கத்தி என்பதற்குச் சிங்களம் அவருக்கு நன்றாகவே தெரியும்.

அடுத்ததாக அவர் பார்த்தது தரையை. மிக அருகில் பார்த்தார். முதுகில் ஒரு முழங்கால் இருந்தது, சுற்றிலும் நிறையச் சப்பாத்துகள் இருந்தன. "கவ்வாத்து! கவ்வாத்து!" என்று அவர் கத்தியதை அங்கே ஒருவரும் சரணடைவதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்பு தேத்தண்ணீர் கொடுத்த பையன்தான் ஓடி வந்து, இவர் காயம்பட்ட பழைய வீரர், மூளையிலும் ஏதோ பட்டிருக்க வேண்டும் என்று அழாத குறையாகச் சொல்லி, பெரிய அதிகாரியின் அறைக்குக் கூட்டிப்போனான்.

அதிகாரி மேசையில் கிடந்த கத்தியை எடுத்தார். அதன் வளைந்த மூக்கைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அவருக்கு ஊர் பட்டிப்பொல. பிறந்ததிலிருந்து மலையையும் தேயிலையையும் பார்த்து வளர்ந்தவர்.

"மேக்க கப்பாது பிஹியக் நே?"

தங்கவேலுவுக்கு உயிர் வந்தது. சிங்களத்தில் கவ்வாத்துக்குக் கப்பாது என்று பேர். இத்தனை நாளும் இந்தச் சனியன் பிடித்த வார்த்தை அவருக்கு ஞாபகமே வரவில்லை!

"ஒவ் மஹத்தயா! கப்பாது! மம கப்பாது!"

தானே கப்பாது என்றுதான் அவர் சொன்னார். அது போதுமாக இருந்தது. அதிகாரி சிரித்த சிரிப்பில் வாசல் காவலாளி துவக்கோடு எட்டிப் பார்த்தான். சிரித்து முடித்துவிட்டு, அந்த மனுசன் தன் கையாலேயே புதுக் கடிதம் அடித்தார். தங்கவேலு என்பவர் எந்தப் படையிலும் ஒரு நாள்கூடச் சேவை செய்தவர் அல்லர், அவர் தேயிலை வெட்டும் தொழிலாளி. சார்ஜன் கொடுத்த கடிதத்தை வாங்கிக் கிழித்துப் போட்டார். தங்கவேலுவைப் பஸ் ஏற்றிவிட ஒரு சிப்பாய் கூடவே வந்தான், கத்திச் சாக்கைத் தானே சுமந்துகொண்டு.

விசா கிடைத்துவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் தங்கவேலு திருச்சியில் இறங்கினார்.

நாகலெட்சுமி வீட்டு வாசலிலேயே நின்றாள். போனில் பார்த்ததைவிடச் சின்ன உருவமாக இருந்தாள். இரண்டு கையாலும் அவர் முகத்தைத் தடவி, "அப்பா மூஞ்சி மாதிரியே ஆயிப்போச்சேடா" என்றாள். தங்கவேலு வாழ்நாளில் அழாத அழுகை அழுதார். கோச்சி புறப்பட்ட அன்றைக்கு விட்ட இடத்திலிருந்து அழுவது போல இருந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் தெருவுக்குக் குறுக்கே கட்டியிருந்த பேனரைப் பார்த்தார்.

'அயல்நாட்டு இராணுவ வீரர் தங்கவேலு அவர்களே, வருக வருக!'

படத்தில் தலை அவருடையது. கழுத்துக்குக் கீழே வேறு யாரோ, நெஞ்சு நிறையப் பதக்கங்களோடு.

"அக்கா, என்னாக்கா இது?"

நாகலெட்சுமி அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். "நான் பொய்யே சொல்லலடா தம்பி. வந்து கொஞ்ச வருசம் கழிச்சு, ஒந் தம்பி அங்க என்னா பண்றான்னு கேட்டாங்க. தொரைக்குக் கீழ கவ்வாத்துல இருக்கான், வெடியக்காலம் பெரட்டுக்குப் போவான்னேன். இங்க கவாத்துன்னா மிலிட்டரியாம். தொரைன்னா வெள்ளக்காரனாம். ஏதோ வெள்ளக்காரன் பட்டாளம்னு அவங்களா நெனச்சுக்கிட்டாங்க."

"வெள்ளக்காரன் போயி எத்தன காலமாச்சு!"

"அத யாரு கணக்குப் பாக்குறா?"

"நீ திருத்தியிருக்கலாம்லக்கா?"

அவள் முந்தானை நுனியைத் திருகினாள். "அதுக்கப்பறம்தாண்டா என்னைய அகதின்னு கூப்புடுறத நிறுத்துனாங்க" என்றாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இந்தச் சம்பந்தமே ஒன்னையச் சொல்லித்தான் அமைஞ்சிச்சு. சுலக்ஷனா அந்தப் பையன் மேல உசுரையே வச்சிருக்கா. மாப்பிளயோட அப்பா ஒன்னையப் பாக்கணும்னு வந்து முன்னால உக்காந்திருக்காரு. பேப்பரு எங்க?" என்று கேட்டாள்.

தங்கவேலுவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பட்டாளத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை என்று, ஒரு தடவை அடியும் வாங்கி, சீல் குத்தி எடுத்துவந்த பேப்பர் அங்கே பத்திரமாக இருந்தது.

முன் அறையில் மிலிட்டரி செல்லசாமி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மீசை இரண்டு பக்கமும் காதைத் தேடிப் போயிருந்தது. சுற்றி நின்ற மாப்பிள்ளை வீட்டுச் சனம் மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட்டது. கதவு ஓரத்தில் சுலக்ஷனா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். எந்தப் படைங்க?"

பொய் சொன்னால் இந்த மனுசன் கண்டுபிடித்துவிடுவார். உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணின் கல்யாணம் போய்விடும். அக்கா வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு, சரியாகத் தெரியாத கண்ணால் தம்பி இருக்கிற திசையைப் பார்த்தாள். தங்கவேலுவின் வாய்க்குத் தெரிந்தது ஒரே ஒரு பதில்தான்.

"மேல் டிவிஷனுங்க."

"தங்குனது எங்க?"

"லயத்துலங்க."

செல்லசாமியின் கால் மெதுவாகக் கீழே இறங்கியது. "காலையில?"

"பெரட்டுங்க."

"என்ன வேல பாத்தீங்க?"

"கவ்..." என்று தொடங்கி, தங்கவேலு அக்காளைப் பார்த்தார். இராமையா மாதிரி ஒரு 'வ்' எழுத்தை விழுங்கிவிட்டால் எல்லாம் நன்றாகத்தான் முடியும். ஆனால் வாழ்நாள் முழுக்கச் சொன்ன வார்த்தை, அது முழுசாகத்தான் வெளியே வந்தது. "கவ்வாத்துங்க."

செய்வது செய்தாயிற்று. அவர் பையிலிருந்து பேப்பரை எடுத்தார்.

செல்லசாமி சட்டென்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி வந்து, பேப்பரோடு சேர்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு தடவை சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மீசை காதில் குத்துகிற அளவுக்குக் குனிந்து சொன்னார்.

"அத உள்ள வைங்க சம்பந்தி. நானும் அங்க எறம்பொடத் தோட்டத்துல கவ்வாத்து வெட்டுனவன்தான்."